மருந்து என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள்

ஆடி கடைசி வெள்ளிக்கு சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் பேருந்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். அம்மை கண்டவர்களும் கண்நோய் கண்டவர்களும் தலைமுறை தலைமுறையாக நேர்ந்துகொண்டு வருகிற இடம். பெரியம்மை உயிரை விட்டுவைத்தாலும் பலரின் பார்வையைப் பறித்துவிடும். டாக்டரே எட்டிப் பார்க்காத காலத்தில் எங்கள் பாட்டிகளுக்கு இருந்த ஒரே ஆஸ்பத்திரி இதுதான்.

இந்தப் பக்கத்தில் 'மருந்து' என்றால் இரண்டு பொருள். ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இன்னொன்று பயராபீஸில் கலப்பது, செலுத்துவது, காய வைப்பது. “அவன் மருந்து வேலைக்குப் போறான்” என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால், மெடிக்கல் ஷாப்பில் வேலை என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று விருதுநகரில், 150 இடங்களோடு. அதே 2022இல்தான் தேசிய மருத்துவ ஆணையம் 'குடும்பத் தத்தெடுப்புத் திட்டம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டிலிருந்தே ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பெடுத்து, ஆண்டுக்கணக்கில் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்து பாடம் கற்க வேண்டும். ஆக, விருதுநகர் கல்லூரியின் முதல் அணியும் இந்தத் திட்டத்தின் முதல் அணியும் ஒன்றே.

நல்ல திட்டம்தான், வரவேற்கிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மாணவர் கிராமத்துக்குள் வந்து இறங்கியதும் எந்தத் தெருவுக்குப் போவார்?

சின்னக் கேள்வியாகத் தெரியலாம். மருத்துவ மாணவர்களை மக்களிடம் அனுப்பும் முயற்சியின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் பதிலில்லாமல் நிற்கிறது. அந்த வரலாற்றை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்ப்போம், தோழர்களே.

கைமாறிய தெர்மாமீட்டர்

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அது 1929 டிசம்பர் 12 தேதியிட்ட 'யங் இந்தியா' இதழில் கடிதமாக வந்தது. எழுதியவர் கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்துப் பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் அவர் மனைவிக்கு உடம்பு மோசமானது. டாக்டரைக் கூப்பிடப் போனார். சேரிக்குள் வரமாட்டேன், தொட்டுப் பார்க்கவும் மாட்டேன் என்றார் டாக்டர். ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து, அவர்கள் சொன்ன பிறகு, ஒரு நிபந்தனையோடு வந்தார்: நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

பச்சைக் குழந்தையோடு அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். வந்த வழியே தெர்மாமீட்டர் திரும்பிப் போனது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த டாக்டரின் படிப்பில் குறையில்லை. நோயைக்கூடச் சரியாகச் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். நாடி பிடிப்பதும் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைப்பதும் வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் மருத்துவத்தின் அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியைச் சாதி அவரிடமிருந்து பறித்துவிட்டது. டாக்டரைப் பற்றி நாம் பேசுகிற எதுவும் இந்தத் தெர்மாமீட்டரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1946: கிராமத்துக்கு டாக்டர் வேண்டும்

இந்தியாவில் பொது சுகாதாரத்துக்கு வரைபடம் போட்டது போர் குழு. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்து, 1946இல் அறிக்கை தந்தது. நம் சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பே அங்கிருந்துதான் வந்தது. மருத்துவப் படிப்பில் நோய்த்தடுப்பும் சமூக மருத்துவமும் கட்டாயமாக வேண்டும், நோயாளியின் உடலோடு அவர் வாழும் சூழலையும் பார்க்கிற டாக்டர் வேண்டும் என்று சொன்னதும் அந்தக் குழுதான். இன்று ஹாஸ்டலில் 'எஸ்.பி.எம்.' என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகிற பாடத்தின் வேர் அது.

அதே குழு இன்னொன்றும் செய்தது. அன்றைக்கு நாட்டில் பதிவுபெற்றிருந்த டாக்டர்கள் ஏறத்தாழ 47,000 பேர். அதில் பெரும்பகுதி எல்.எம்.பி. என்கிற லைசென்சியேட் டாக்டர்கள். குறைந்த காலம், குறைந்த செலவில் படித்து, சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தவர்கள். அந்தப் படிப்பு வேண்டாம், இனிப் பட்டப்படிப்பு மட்டும் போதும் என்றது குழுவின் பெரும்பான்மை. உள்ளேயே சிலர் மறுத்தார்கள், எடுபடவில்லை. ஒரு பக்கம் கிராமத்துக்கு டாக்டர் வேண்டும் என்று எழுதிவிட்டு, மறுபக்கம் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர்களை உருவாக்கிய கதவை அடைத்தார்கள். நகரத்தில் படித்து நகரத்தில் தங்குகிறவரே டாக்டர் என்று ஆனது. அவரைக் கிராமத்துக்குக் கூட்டிப்போவது எப்படி என்பதே அடுத்த முக்கால் நூற்றாண்டின் கவலையானது.

இரண்டே ஆண்டுகளில், 1948 நவம்பர் 4 அன்று, அரசமைப்பு வரைவை முன்வைத்து அண்ணல் பேசினார். கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கவில்லையே என்று கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் நமக்கெல்லாம் தெரியும். கிராமத்தை அவர் புனிதமாகப் பார்க்கவில்லை. தனிமனிதரை அலகாக வைத்தார். கிராமம் என்று ஒருமையில் சொன்னால் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுகிறது, அந்த ஒருமைக்குள் சேரி காணாமல் போய்விடுகிறது என்பது நம் அனுபவம்.

சமூக மருத்துவம் இந்தப் பேச்சைப் படிக்கவே இல்லை என்பது எங்கள் குற்றச்சாட்டு. அது கிராமத்தையே 'சமூகம்' என்று எடுத்துக்கொண்டது.

மாணவர்கள் கிராமத்துக்குப் போன கதை

நடந்தவற்றை மதிப்போடுதான் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவின் சேவாகிராமில் டாக்டர் சுசீலா நய்யார் 1969இல் காந்தி பெயரில் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் முகாம் போட்டுத் தங்குவார்கள். ஆளுக்குச் சில குடும்பங்களைப் பொறுப்பெடுத்து, படிப்பு முடியும்வரை போய்வருவார்கள். இன்றைய தத்தெடுப்புத் திட்டத்துக்கு அதுவே முன்னோடி.

நம் வேலூரில் ஐடா ஸ்கடர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த காலத்திலிருந்தே சி.எம்.சி.க்கு இந்தப் பழக்கம் உண்டு. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு கல்லூரியானது. மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடுவீடாகப் போய்க் கணக்கெடுத்துப் படிக்கிறார்கள். 1977இல் கே.வி.குப்பத்தில் 'ருஷா' என்ற கிராம சுகாதார மையத்தையும் தொடங்கினார்கள். படித்து முடித்தவர்கள் சிறு ஊர்களின் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடும் அங்கே உண்டு.

1975இல் ஸ்ரீவஸ்தவா குழு, நம் மருத்துவப் படிப்பு மக்களின் தேவையோடு ஒட்டவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அதையொட்டி 1977இல் 'ரோம்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மறுசீரமைப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களைப் பொறுப்பெடுக்க வேண்டும், பேராசிரியர்களும் மாணவர்களும் அங்கே போக வேண்டும் என்றார்கள். நடமாடும் மருத்துவ வண்டிகளும் கொடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் வேகம் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலைய போஸ்டிங் என்பது பல இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற சடங்கானது.

அக்கறையோடு நடந்ததும் சரி, சடங்காக நடந்ததும் சரி, மாணவர்களைக் கிராமத்துக்குத்தான் அனுப்பின. கிராமத்துக்குள் போன பிறகு? வண்டி நிற்பது மந்தையில். முகாம் போடுவது கோயில் மண்டபத்தில், இல்லையென்றால் ஊர்ப் பெரிய மனிதர் கைகாட்டுகிற இடத்தில். நாங்கள் ஒரு கிராமத்தில் இலவச முகாம் ஒன்றைப் பார்த்தோம். மேசை, நாற்காலி, பந்தல், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் ஒழுங்காக இருந்தன. நம் தெருவிலிருந்து மூன்றே பேர் வந்தார்கள். ஏன் வரவில்லை என்று நம் தெருவில் கேட்டோம். “அந்த மண்டபத்துல நாங்க என்னைக்கு ஏறினோம், இன்னைக்கு ஏற?” என்றார் ஓர் அம்மா. அன்று மாலை முகாம் அறிக்கையில் அந்தக் கிராமம் முழுவதும் பார்க்கப்பட்டதாக எழுதியிருப்பார்கள். பொய் எழுத வேண்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்ததைத்தான் கிராமம் என்று எழுதியிருப்பார்கள்.

இது ஒரு ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த தீண்டாமை பற்றிய ஆய்வு 2006இல் நூலாக வந்தது. அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்த கிராமங்கள் 33 சதவீதம் என்று அது கணக்குக் காட்டியது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளிடம் கேட்டு எழுதிய 2010ஆம் ஆண்டு ஆய்வில், மாத்திரையைக் கையில் படாமல் கொடுப்பது அடிக்கடி வருகிறது. 1929இன் தெர்மாமீட்டர் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரே ஒரு முறை அரசு எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. பெரியம்மையை ஒழித்தபோது. ஒரு வீட்டை விட்டாலும் நோய் ஊருக்குத் திரும்பிவிடும் என்பதால் வீடுவீடாகத் தேடினார்கள். 1975இல் கடைசி நோயாளி, 1977இல் பெரியம்மை இல்லாத நாடு என்ற சான்று. கிருமிக்கு ஊர், சேரி என்ற எல்லை இல்லாததால் சுகாதாரப் பணியாளரும் எல்லை தாண்டினார். நம் தெருவோடு நிற்கிற நோய்களுக்கு, ரத்தசோகைக்கும் தீக்காயத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிச் சாவுக்கும், அந்த அவசரம் இன்னும் வரவில்லை.

கறுப்பர்கள் செய்துகாட்டியது

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குக் கடலுக்கு அப்பால் சான்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதியில், கறுப்பர்களை ஒதுக்கி வைத்திருந்த பொலேலா என்ற இடத்தில், சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி 1940இல் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் பகுதியே அவர்களுக்குத் தொடக்கம். உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றுவித்து வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். குழந்தைகள் சோற்றுக்கில்லாமல் மெலிந்ததைப் பார்த்து, காய்கறித் தோட்டம் போட வைத்தார்கள். பிறகு டர்பன் மருத்துவக் கல்லூரியின் மாணவர்களுக்கும் அவர்கள் ஆசிரியர்கள் ஆனார்கள்.

1957இல் ஜாக் கெய்கர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் பயிற்சிக்காக அங்கே வந்தார். பார்த்ததை மனதில் கொண்டுபோனார். பத்தாண்டில், அமெரிக்காவின் மிசிசிப்பியில், விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய மவுண்ட் பேயூ என்ற ஊரில், கறுப்புக் குத்தகை விவசாயிகளுக்காகச் சுகாதார மையம் நடத்தினார். பசியால் நோயுற்ற குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும் இறைச்சியும் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் கொடுத்துவிட்டு, மையத்தின் மருந்துக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டார். மருந்துக்கான பணத்தைச் சோற்றுக்குச் செலவழிக்கலாமா என்று மேலிடம் கேட்டது. பட்டினிக்குச் சோறுதானே மருந்து என்பது கெய்கரின் பதில். கிணறு வெட்டினார்கள், கூட்டுறவுப் பண்ணை வைத்தார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளையே டாக்டராகவும் நர்ஸாகவும் படிக்க அனுப்பினார்கள்.

டர்பன் கல்லூரியில் 1966இல் சேர்ந்த இன்னொரு மாணவரின் பெயர் ஸ்டீவ் பைக்கோ. படிப்பை முடிக்க விடவில்லை. கறுப்பு உணர்வு இயக்கத்தைக் கட்டினார். அந்த இயக்கத்தவர் 1975இல் ஜனெம்பிலோ என்ற மக்கள் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். பொறுப்பேற்றவர் அதே கல்லூரியில் படித்த டாக்டர் மம்பேலா ரம்பேலே. பைக்கோ 1977இல் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். மருத்துவம் படிப்பதும் விடுதலைக்குப் போராடுவதும் வேறு வேறு வேலை இல்லை என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

வருகிற மாணவர் யார்?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். தெருவுக்குள் வருகிற மாணவரே நம் பிள்ளையாக இருந்தால்?

2007இல் சுகதேவ் தோரட் குழு டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஹாஸ்டலிலும் வகுப்பிலும் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று பதிவு செய்தது. 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அதற்கு முன் 2017 செப்டம்பரில், பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண் எடுத்தும் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் அனிதாவை இழந்தோம். 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரையாவது மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது.

அப்படி உள்ளே போன ஒரு பிள்ளை, வகுப்புத் தோழர்களோடு கிராமத்துக்குப் போகிறது. நம் தெருவைக் கண்டதும் என்ன நினைக்கும்? கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்தும்போது தன் வீடு நினைவுக்கு வரும். சொல்லவும் முடியாது, சொல்லாமலும் இருக்க முடியாது. அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்வது: வெட்கப்பட வேண்டியது நீ இல்லை. அந்த வகுப்பிலேயே பாடம் தெரிந்தவள் நீதான்.

இரண்டு கேள்விகள்

1700இல் இத்தாலியின் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற மருத்துவர் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேருங்கள் என்றார்: நீ என்ன வேலை செய்கிறாய்?

எங்கள் மாவட்டத்தில் அந்தக் கேள்வி இல்லாமல் மருத்துவமே இல்லை. கந்தகம், வெடியுப்பு, அலுமினியப் பவுடர் என்று நாளெல்லாம் கையிலும் மூச்சிலும் ஏறுகிற வேலை. இருமலோடு வருகிறவரிடம் 'என்ன வேலை?' என்று கேட்காமல் எழுதுகிற சீட்டு பாதிச் சீட்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேருக்கு நெருக்கமாகச் செத்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அப்போது இந்த மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. இன்று இருக்கிறது. அதில் படிக்கிறவர்களுக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பாடம் பத்து மைலுக்குள் கிடக்கிறது.

ரமஸ்ஸினியின் கேள்வியோடு நாம் ஒன்றைச் சேர்க்கிறோம்: நீ எந்தத் தெரு?

இந்தக் கேள்வியைச் சாதி விசாரிக்கிறவரும் கேட்பார். டாக்டர் கேட்பது வேறு காரணத்துக்கு. குடிநீர்க் குழாய் எங்கே நிற்கிறது, கழிவுநீர் எங்கே தேங்குகிறது, 108 வண்டி எதுவரை வரும், செவிலியர் அக்கா கடைசியாக எப்போது வந்தார் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல் போனதும் தெருவும் கணக்கிலிருந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

இளைய தோழர்களே, உங்களால் செய்யக்கூடியவை இவை.

உங்கள் ஊருக்கு மருத்துவ மாணவர்கள் வந்தால் முதல் நாளே போய்ப் பாருங்கள். ஊர் வரைபடத்தை நீங்களே வரைந்து கொடுங்கள், எல்லாத் தெருவும் இருக்கட்டும். தத்தெடுத்த குடும்பங்களில் எத்தனை நம் தெருவில் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தெருவாரியாக எண்ணிக்கை கேட்டால் போதும், யார் பெயரும் வேண்டாம். முகாமை நம் தெருவில் போடச் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் அங்கே வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளட்டும். வரமாட்டோம் என்றால் அதையும் மாணவர்கள் தங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதுவும் சமூக மருத்துவம்தான்.

மருத்துவம் படிக்கிற தோழர்களே, திண்ணையில் உட்காருங்கள், கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். நாடியைக் கையால் பிடித்துப் பாருங்கள். உங்கள் ஆசிரியர் மதிப்பெண் போடுகிற படிவத்தில் இதற்குக் கட்டம் இருக்காது. ஆனால் 1929இல் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போன வைத்தியம் இதுதான்.

அடுத்த ஆடிக்கும் இருக்கன்குடிக்குக் கூட்டம் வரும், வரட்டும். நேர்ந்துகொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் டாக்டர் வராததால் மட்டுமே அம்மனிடம் போகிற நிலை எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். பயராபீஸில் மருந்து செலுத்தும் கைக்கு ஆஸ்பத்திரி மருந்தும் தொட்டுக் கொடுக்கப்பட வேண்டும். நாம் கேட்பது அவ்வளவுதான்.

ஜெய்பீம்.